சிவனேஸ்வரி மாற்றி வைத்த பழம்

லண்டன் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அந்த அமராவதி வந்த நாளிலிருந்து சிவனேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஏழெட்டு வருடமாக, பிள்ளைகள் படித்து முடியும்வரை தாய்மார் தேநீரும் கையுமாகச் சுற்றி நின்று, "சிவனேசக்கா, இதுக்கு என்ன சாப்பிட வேணும்?" என்று கேட்டது அவளிடம்தான். பிள்ளைத்தாய்ச்சிகள் எத்தனை பேருக்கு, "மாதுளம்பழம் சாப்பிடு பிள்ளை, இரத்தம் ஊறும்" என்று சொல்லியிருப்பாள்! மலேசியாவிலிருந்து வந்த இந்த ஆஸ்பத்திரி டயட்டீஷியன் போன கிழமை சிரித்துக்கொண்டே அதில் மண்ணைப் போட்டுவிட்டாள்.

"சிவப்பா இருக்குன்னு இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கும்னு நினைக்காதீங்க. அது கொஞ்சம்தான். நார்ச்சத்தும் விட்டமின் சியும்தான் அதுல நல்லது."

அக்கா அக்கா என்று நின்றதுகள் எல்லாம் அன்றோடு அமராவதி பக்கம் சாய்ந்துவிட்டன. நன்றி கெட்டதுகள்!

இந்தக் கிழமை அவளுக்கு மேடையே போட்டுக் கொடுத்தார்கள். மாதுளம்பழம் பற்றிப் பேச்சு. பழம் வெட்டியும் காட்டுவாளாம்.

சிவனேஸ்வரி வீட்டுப் பிரிட்ஜின் அடித்தட்டில், கார்த்திகையில் வெம்பிளியில் வாங்கிய இரண்டு மாதுளம்பழங்கள் தை பிறந்தும் கிடந்தன. தோல் காய்ந்து சுருங்கி, பார்க்கச் சகிக்காது. அவற்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேரத்தோடு போனாள். மண்டபத்துக் குசினியில் யாரும் இல்லை. தட்டில், துணிக்கு அடியில், அமராவதியின் பழங்கள் இரண்டும் பளபளவென்று இருந்தன. அவற்றை எடுத்துப் பைக்குள் போட்டாள். தன்னுடைய வாடல்களைத் தட்டில் வைத்து மூடினாள். இன்றைக்கு இருக்குதடி உனக்கு என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

மேடையில் துணியை விலக்கியதும் அமராவதி திகைத்துப் போனாள். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிவனேஸ்வரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அமராவதி கத்தியால் தோலைக் கீறிப் பிளந்தாள். அடடா! உள்ளே முத்துகள் செக்கச் செவேலென்று நிறைந்திருந்தன. சாறு விரலில் வழிந்தது.

"இது நான் கொண்டு வந்த பழம் இல்ல, யாரோ மாத்தி வச்சிருக்காங்க," என்றாள் அமராவதி. "ஆனா இதைவிட நல்ல பழம் எனக்குக் கிடைச்சிருக்காது. சுருங்கிப் போச்சுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க. காயுறது தோல்தான். முழுசா பிரிட்ஜில வச்சா ரெண்டு மாசம் தாங்கும். முத்தை உதிர்த்து டப்பாவில போட்டா நாலஞ்சு நாள்தான். இதை இவ்வளவு பக்குவமா வச்சிருந்தவங்க யாரு? எழுந்திரிங்க, எல்லாரும் கை தட்டணும்!"

மண்டபமே திரும்பித் திரும்பிப் பார்த்தது. அந்தக் கைதட்டுக்குத்தானே சிவனேஸ்வரி இவ்வளவு நாளாய் ஏங்கிச் செத்தாள்! எழும்பினால் கிடைக்கும். கூடவே திருட்டுப் பட்டமும் கிடைக்கும். மடியிலிருந்த பை கல்லாய்க் கனத்தது.

பக்கத்திலிருந்த கணவர் கனகலிங்கம் அவள் காதருகே குனிந்தார்.

"பாரும், ஆரோ ஒரு கெட்டிக்காரி என்ன மாதிரி வைச்சிருக்கிறா. நீரும் ரெண்டு பழத்தைக் காய விட்டு வைச்சிருக்கிறீர். வீட்டை போனதும் முதல் வேலையா அதுகளை எறியும்."

"ஓம்," என்றாள் சிவனேஸ்வரி.