உப்பு இறுகும் முன்

…போட்டோமா இல்லையா, சனிக்கிழமை சாயங்காலம் உலை ஸ்விட்சை அணைத்தது நினைவிருக்கிறது, கையுறையைக் கழற்றி எறிந்தது, சிலிண்டர்காரன் வந்துட்டான் ஊட்டுல ஆள் இல்ல என்று மனைவி சரசா போனில் கத்தியது, எல்லாம் இருக்கிறது, காயிலை உப்புக்குள் இறக்கியது மட்டும் இல்லை… திருமுல்லைவாயிலில் ரயில் ஏறிய ஆனந்தனுக்கு இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. காலையில் மகள் ரோஷினி பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்திருக்காவிட்டால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. அயனிச் சேர்மங்களின் உருகுநிலை அதிகம், திண்ம நிலையில் மின்சாரம் கடத்தாது, உருகினால் கடத்தும், சகப்பிணைப்புச் சேர்மங்கள் பொதுவாகச் சீக்கிரம் உருகும், உருகினாலும் கடத்தாது… பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டான்.

பட்டறையில் கியர்களைச் சிவக்கக் காய்ச்சுகிற உப்பு உலை அவன் பொறுப்பு. உருகி நிற்கிற வரை உப்பே கரண்டை வாங்கித் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளும், அணைத்தால் பாறை, பாறைக்குள் கரண்ட் போகாது. அதனால்தான் இறுகுவதற்குள் அந்தக் காயிலை, கம்பிச்சுருளை, உள்ளே தொங்கவிடுவது, திங்கட்கிழமை சுருள் சூடேறிச் சுற்றியுள்ள உப்பை இளக்கினால் மிச்சம் தானே பிடித்துக்கொள்ளும். மறந்தால் கடப்பாரைதான், கேஸ் டார்ச்தான், வேலை மொத்தமும் நாசம். மெழுகாக இருந்தால் கொஞ்சம் சூடு காட்டினால் வழிந்துவிடும், ரோஷினி சொன்ன அந்த இன்னொரு ஜாதி, இது லேசில் மசியாது… இந்த மாசம் உன்னை பர்மனென்ட் பண்றேன், ஒழுங்கா இரு என்று சூப்பர்வைசர் தினகரன் போன வாரம்தான் சொன்னார், காண்ட்ராக்டிலேயே தலை நரைத்தாயிற்று, இப்போது போய் இப்படியா?

அம்பத்தூரில் நிர்மல் ஏறினான், அதே உலையில் சனிக்கிழமை இவனோடு நின்றவன், அவனும் காண்ட்ராக்ட்தான். "இன்னா அண்ணாத்தே, மூஞ்சி பேயறஞ்சா மாரி கீது, அண்ணி அடிச்சிச்சா?" கேட்டுவிடலாம், டேய், காயிலைப் போட்டது நீயா நானா என்று, ஏன் வாய் வரவில்லை? கேட்டால், நீ போடலியா அண்ணாத்தே என்பான், கதை முடிந்தது. கேட்காதவரை யாருக்கும் தெரியாது, தெரியாதவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்… "ஒண்ணுமில்ல நைனா, தூக்கமில்ல." "எறங்கினதும் டீ அடிக்கலாம் வா, நான் வாங்கித் தரேன்." பட்டரவாக்கத்தில் கூட்டம் தள்ளிக்கொண்டு இறக்கியது, நிர்மல் தோளில் கைபோட்டான், ஆனந்தனின் நாக்கு நுனியில் தினகரனுக்கான பேச்சு தடங்கல் இல்லாமல் வந்து நின்றது, சார், நான் அவசரமா கெளம்பிட்டேன், நிர்மல் போடறேன்னு சொன்னான் சார்… எப்போது தயார் செய்தோம் இதை? காயில் விஷயம் இன்னமும் நினைவுக்கு வரவில்லை, ஆனால் நிர்மல் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை என்பது மட்டும் துல்லியமாக நினைவிருந்தது.