மாஸ்டர் சொன்ன ‘தல்லு’

விஜயதாஸ் இன்று ஒழுங்காக விழுந்தால் மெட்ராஸ் போய்விடுவான். சொதப்பினால் வீட்டிலேயே இருப்பான்.

சொதப்பட்டும் என்றுதான் ஸ்ரீகுமாரி காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி எட்டே மாதம்.

கேரள எல்லையோரம் ஒற்றசேகரமங்கலத்துப் பாறைக்குவாரியில் ஒரு தமிழ்ப் படத்தின் சண்டைக்காட்சி. வருஷம் 1994. மெட்ராஸிலிருந்து வந்த ஃபைட்டர்களில் இரண்டு பேருக்கு வயிறு கெட்டுவிட்டது. ஸ்டண்ட் மாஸ்டர் கோதண்டம் உள்ளூரில் ஆள் தேட, உதியன்குளங்கரையில் கராத்தே கிளாஸ் நடத்தும் விஜயதாஸ் அகப்பட்டான். இரண்டு நாள் அவன் உதை வாங்கிய அழகைப் பார்த்துவிட்டு மாஸ்டர் சொன்னார்: “காலையில அந்தப் பாறையிலேர்ந்து விழு. நல்லா வந்துச்சுன்னா மெட்ராஸ் வந்துடு. என் குரூப்ல சேத்துக்கறேன். யூனியன் கார்டுக்கு நானே சொல்றேன்.”

ஷூட்டிங்குக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று கம்பெனி கேட்டபோது மனைவியின் பெயரைச் சொன்னதும் அவன்தான். அவளுக்கு நெய்யாற்றின்கரையில், எலும்பு முறிவு வார்டில் வேலை. தினமும் அவள் பார்ப்பது விழுந்தவர்களை. தென்னையிலிருந்து, பைக்கிலிருந்து, கிணற்றுக்குள். ஒருவராவது ஒழுங்காக விழுந்து அவள் பார்த்ததில்லை.

“பத்தடிதான் குமாரி. கீழ மெத்தை உண்டு.”

“பத்தடியில விழுந்த ஆளு பன்னெண்டாம் கட்டில்ல கிடக்காரு. கண்டியளா?”

“அவருக்கு மெத்தை இல்லலா.”

“வாய்க்கும் பிளாக் பெல்ட் குடுத்திருக்காவ போல.”

அவன் சிரித்துக்கொண்டே பாறை மேல் ஏறினான். அவள் முதலுதவிப் பெட்டியோடு கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

மேலே ஹீரோ நின்றார். மாஸ்டர் கீழேயிருந்து கத்தினார். “இந்தாப்பா, தாஸு! அவரு கிட்ட வந்ததும் நெஞ்சுல ஒரு தல்லு தல்லு. அவரு ரெண்டு ஸ்டெப் பின்னால போவாரு. திரும்பி வந்து உதைப்பாரு. நீ விழுவே. புரிஞ்சுதா?”

விஜயதாஸ் தயங்கினான். “நெசமாட்டா சார்?”

“நெசமாத்தான்யா! சும்மா கை வச்சா கேமரா காட்டிக் குடுத்துடும்.”

“ஹீரோவாக்கும் சார்.”

“அவருகிட்ட நான் சொல்லிட்டேன். நீ தல்லு.”

ஸ்டார்ட். ஆக்‌ஷன்.

ஹீரோ ஓடி வந்தார். விஜயதாஸின் வலது முஷ்டி அவர் நடுநெஞ்சில் இறங்கியது.

ஹீரோ இரண்டு ஸ்டெப் போகவில்லை. ஆறு ஸ்டெப் பின்னால் தடுமாறிப் போய், ஒரு சுற்று திரும்பிக் குப்புற விழுந்தார். தாடை பாறையில் உரசி ரத்தம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். ஸ்ரீகுமாரிதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். நாடி பார்த்தாள். விலா ஒவ்வொன்றாகத் தொட்டாள். எலும்பு தப்பித்திருந்தது. ஹீரோவுக்கு மூச்சு திரும்பியது. தாடையில் தோல்தான் கிழிந்திருந்தது.

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “வேணும்னே அடிச்சிருக்கான். ஏண்டா அடிச்சே?”

“நீங்க சொன்னதத்தானே சார் செய்தேன்.”

“நானா? நான் தல்லுன்னு சொன்னேன்டா!”

“அதான் சார், தல்லினேன்.”

“திமிரப் பாரு இவனுக்கு! இனிமே எந்த ஷூட்டிங்லயும் இவன் நிக்கக்கூடாது. மெட்ராஸ்ல எல்லா மாஸ்டர்கிட்டயும் சொல்லிடுவேன். சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போடா.”

தாடையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஸ்ரீகுமாரியின் கை நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் புரிந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மெட்ராஸ் இல்லை. பாறை இல்லை, கண்ணாடி இல்லை, தீ இல்லை. சாயங்காலம் கராத்தே கிளாஸ் முடிந்து ஆறரைக்கு முழு உடம்போடு வீட்டுக்கு வருவான். வாழ்நாள் பூராவும்.

விஜயதாஸ் வில்லன் கோஷ்டியின் கறுப்புச் சட்டையைக் கழற்றினான். மண்ணைத் தட்டினான். பாறை மேல் விரித்து, கையை உள்ளே மடக்கி, காலரை நீவி மடித்தான். தன்னுடைய கராத்தே உடுப்பை அவன் அப்படித்தான் மடிப்பான். இரண்டு கையாலும் ஏந்தி காஸ்ட்யூமரிடம் நீட்டினான். முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.

அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“சார், நான் ஒண்ணு சொல்லட்டா?” என்றாள் மாஸ்டரிடம். “நான் நர்சிங் படிச்சது மெட்ராஸ்ல. முதல் வாரம் ஒரு சிஸ்டர் எங்கிட்ட ‘ஸ்ட்ரெச்சரத் தல்லு’ன்னாங்க. ஸ்ட்ரெச்சர் என்ன தப்பு செஞ்சுதுன்னு நான் அப்பிடியே நின்னேன். அதுல ஒரு ஆளும் படுத்திருந்தாரு.”

“அதுக்கென்ன இப்போ?”

“எங்க ஊர்ல தல்லுன்னா அடி சார். மலையாளத்துலயும் அதே. நீங்க சொல்ல நெனச்சது தள்ளு.”

“நானும் அதைத்தானே சொன்னேன்? தல்லு.”

“இல்ல சார். தள்ளு.”

“தல்லு.” மாஸ்டர் நாக்கை மடக்கிப் பார்த்தார். “தல்... தல்லு. சரியாத்தானே வருது?”

அசிஸ்டென்ட் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதலில் சிரித்தது ஹீரோதான். சிரித்தால் நெஞ்சு வலித்தது. வலித்துக்கொண்டே சிரித்தார். “நெசமாத்தான்னு வேற சொல்லிருக்கீங்க மாஸ்டர். அவர் பாவம், ரெண்டு தடவை கேட்டார்” என்றார். “சட்டையப் போடச் சொல்லுங்க. ஒரு மணி நேரத்துல நான் ரெடி.”

இந்தத் தடவை மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. கையாலேயே தள்ளிக் காட்டினார்.

விஜயதாஸ் தள்ளினான். உதை வந்தது. உடம்பு காற்றில் ஒரு சுற்று சுற்றி, முதுகு விரிந்து, மெத்தையில் இறங்கியது. ஸ்ரீகுமாரி கண்ணை மூடவில்லை. விழுவதில் இப்படி ஓர் அழகு உண்டா? அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் பட்டது.

“ஓகே” என்றார் மாஸ்டர். “திங்கக்கிழமை மெட்ராஸ்ல இரு.”

ஐந்து மணிக்கு எம்-எய்ட்டி வண்டியில் கிளம்பினார்கள். ரப்பர் தோட்டம் தாண்டியதும் அவன் கேட்டான்.

“நீ மிண்டாம இருந்திருந்தா நான் இஞ்சயே இருந்திருப்பேன்லா?”

“இருந்திருப்பிய.”

“பொறவு என்னத்துக்குச் சொன்னே?”

“சட்டைய மடிச்சியளே, அதான். அந்த மொகத்தோட ஆறரைக்கு வீட்டுக்கு வந்து எனக்கு என்ன ஆவப்போவுது?”

அவன் ஒரு வளைவை மெதுவாக எடுத்தான்.

“நானும் வாறேன்” என்றாள். “மெட்ராஸ்ல ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? நோட்டீஸ் குடுத்துட்டு ஒரு மாசத்துல வந்திருவேன். ஆனா ஒண்ணு. எங்க அடி பட்டாலும் எங்கிட்ட ஒளிக்கப்பிடாது. டெய்லி சொல்லணும்.”

“சொல்லுதேன்.”

“இன்னைக்கு?”

“இடது முட்டி. கொஞ்சம்.”

“பொறவு?”

“வேற ஒண்ணும் இல்ல மக்கா.”

பின்னாலிருந்து அவள் கை அவன் விலாவைத் தேடியது. கீழிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது.

“வண்டிய ஓரங்கட்டுங்க” என்றாள் ஸ்ரீகுமாரி.

நிறுத்தினான். அவள் மடியிலிருந்த பெட்டியைத் திறந்தாள்.