சாமியில்லாதவன் சாட்சி

பெல்ட்டில் ஒட்டியிருந்த ரத்தத்தைச் சென்னிமலை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முடிக்கும் முன்பே மேஸ்திரி சின்னுசாமி வந்து எஞ்சினைக் கிளப்பச் சொன்னான்.

"கெழங்கு புளிச்சுப்போகுமப்பா. மொதலாளி சத்தம் போடறாரு."

ராசிபுரத்துக்கு மேற்கே ஜவ்வரிசி தயாரிக்கும் அந்தச் சேகோ மில்லில் சென்னிமலை எஞ்சின் டிரைவர். அரவை மெஷினுக்கு ஓடும் பெல்ட்டை ஒட்டித்தான் பெண்கள் தோலுரித்த குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, கூடையில் சுமந்து போக வேண்டும். அன்று காலை அப்படிச் சுமந்துபோன பூவாத்தாளின் முந்தானையைப் பெல்ட் இழுத்தது. முந்தானையோடு வலது கையும் போனது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடி, நசுங்கித் தொங்கிய அந்தக் கையைச் சக்கரத்திலிருந்து விடுவித்தவன் சென்னிமலைதான். சேலத்து ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

பெல்ட்டுக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை அடிக்கச் சொல்லித் தை மாதமே அவன் கேட்டிருந்தான். பங்குனிக் காவடி முடியட்டும் என்றார் முதலாளி பாலசுந்தரம். காவடி முடிந்தது. பழனிக்கு வெள்ளிவேல் போய்ச் சேர்ந்தது. பலகை மட்டும் வரவில்லை. பூவாத்தாளுக்குக் கை போன மறுநாள் வந்தது. தச்சன் அடித்துவிட்டுப் போனதும், பழசாகத் தெரியட்டும் என்று சின்னுசாமி அதன்மேல் கறுத்த எஞ்சின் எண்ணெயை அழுத்தித் தேய்த்தான். தேய்த்த கையைக் கழுவிக்கொண்டு வந்து பலகைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தான்.

பூவாத்தாளின் புருஷன் அம்மாசி சேலத்தில் நஷ்டஈட்டுக்கு மனுப் போட்ட பிறகு, முதலாளி சென்னிமலையை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அறை முழுக்க ஊதுபத்திப் புகை. அவர் நெற்றியில் விபூதி அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது.

"வா சாமி, உக்காரு."

அந்த அறையில் அதுவரை அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவன் நின்றான்.

"பலகை முந்தியே இருந்துச்சு, அவளாத்தான் கழட்டிப் போட்டான்னு மில்லு ஆளு ஒருத்தன் வந்து சொன்னாப் போதுமாம். வேணும்னே கழட்டுனவளுக்கு நஷ்டஈடு கெடையாதுன்னு வக்கீல் சொல்றாரு."

"மேஸ்திரி சொல்லட்டுமுங்க."

"அங்க கடவுள் மேல சத்தியம் வாங்குவாங்கப்பா. சின்னுசாமி கருப்பண்ணனுக்குப் பயந்தவன். நானும் வெரதத்துல இருக்கறேன், நாக்குல பொய் வரக்கூடாது. உனக்குத்தான் சாமியே கெடையாதே! நீ சொன்னா உனக்கென்ன பாவம்?"

சென்னிமலைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. கோயிலுக்கு வராதவன், திருநீறு பூசாதவன், பேரு மட்டும் முருகன் மலைப் பேரு என்று இத்தனை காலம் அவனைக் கண்டால் காறித் துப்பாத குறைதான். இன்றைக்கு அவன் தேவைப்படுகிறான். மில்லின் கழிவுத் தண்ணீர் வெளியே போக வாய்க்கால் வெட்டி வைத்திருப்பதுபோல, தங்கள் பொய் ஓடிப்போக அவனைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

"ஏனுங்க மொதலாளி, சாமி பாக்கலீன்னா நீங்க எல்லாருமே பொய் சொல்லுவீங்களா?"

பாலசுந்தரத்தின் முகம் கறுத்தது. "திமிரு பேசாதே. சோத்துக்கு வழி பாத்துக்க."

"அந்தக் கையச் சக்கரத்துல இருந்து எடுத்தவன் நானுங்க. பலகை இருந்திருந்தா என்ற கண்ணுக்குத் தெரியாதுங்களா? பாத்ததத்தான் சொல்லுவேன்."

அன்று பொழுது சாய்வதற்குள் எஞ்சின் அறைச் சாவியைச் சின்னுசாமி வாங்கிக்கொண்டான். வீட்டில் மனைவி ராமாத்தாள் பானையைத் திறந்து காட்டினாள். "உங்களுக்குச் சாமிதான் இல்ல, சோறுமா வேண்டாமுங்க?"

மறுநாளிலிருந்து அவன் நெசவுத் தறிக்குப் பாவு போடப் போனான். எஞ்சின் பழகிய கைக்கு நூல் நிற்கவில்லை, அறுந்துகொண்டே இருந்தது.

மேஸ்திரியின் பயத்துக்கும் மருந்து கிடைத்தது. விசாரணைக்குப் போகும் காலையில் மில் வாசல் கருப்பண்ணனுக்குச் சேவல் அறுத்தார்கள். "வயித்துப் பொழப்புக்குச் சொல்றேன் சாமி, கண்டுக்காதே" என்று சின்னுசாமி விழுந்து கும்பிட்டான். கருப்பண்ணன் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சேவலைக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டுச் சேலம் பஸ் ஏறினார்கள்.

நஷ்டஈட்டு மனுவை விசாரித்த அதிகாரியின் முன்னால் சின்னுசாமி கண்ணை மூடிக் கடவுள் மேல் சத்தியம் செய்தான். பலகை தீபாவளிக்கே அடித்தது என்றான். பூவாத்தாள் கழற்றியதைக் கண்ணால் பார்த்தேன் என்றான். குரலில் ஒரு நடுக்கமில்லை.

பூவாத்தாள் தரப்புக்குச் சென்னிமலை ஒருவன்தான் சாட்சி.

"கடவுள் வேண்டாமுங்க. என்ற மனசாட்சிப்படி சொல்றேன்" என்றான்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். மில் வக்கீல் அதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார். "கடவுளுக்கே பயப்படாதவன், இந்த விசாரணைக்கா பயப்படப் போறான்? போதாததுக்கு வேலையை விட்டு நீக்குன ஆத்திரம் வேற."

அறையில் சிரிப்பு எழுந்தது. சென்னிமலை பெல்ட்டைச் சொன்னான், புதுப்பலகையில் தேய்த்த எண்ணெயைச் சொன்னான், கையைச் சொன்னான். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மனு தள்ளுபடியாயிற்று.

வராந்தாவில் சின்னுசாமி அவன் பக்கத்தில் வந்து நின்றான். வழியில் கோயிலுக்குப் போய்வந்த திருநீறு நெற்றியில் பளிச்சென்றிருந்தது. "உனக்கும் ஒரு சாமின்னு இருந்திருந்தா இந்தக் கதி வந்திருக்காது சென்னிமலை" என்றான். மெய்யாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னான்.

சென்னிமலை அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவருகே நின்ற பூவாத்தாளிடம் போனான். உத்தரவைக் கேட்டுத் தெரிந்துகொண்டதற்கு அடையாளமாக அவள் ரேகை வைக்க வேண்டுமாம். குமாஸ்தா தலை நிமிராமல் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"பொம்பளைங்க வலது கைப் பெருவிரல் வைக்கணும்மா. சீக்கிரம், மை காயுது."