வேலிக்கம்பத்துக்கு மூன்று அழைப்புகள்

1.
என் முழங்காலுக்காக, தீவுகளுக்கு எதிர்க்கரையில் உள்ள ஆஸ்பத்திரியின் பெஞ்சில் காத்திருந்தபோது ஒட்டுக்கேட்டதுதான் இந்தக் கதை. வெட்கமாக இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன். காத்திருப்போர் பட்டியலைக் குறைக்க அரசாங்கம் கங்கணம் கட்டியிருந்தது. சனிக்கிழமையும் அறுவை சிகிச்சை உண்டு. மூன்று முறை கூப்பிட்டும் எடுக்காதவர் பெயரை அடித்துவிட வேண்டும்.

2.
ஆறு வருட இடுப்பு வலியோடு பால்தோமேரோ கிழவர்...

(வேண்டாம். உங்களை அழவைக்கப் பார்க்கிறேன். எடிதாவிடமிருந்து தொடங்குகிறேன்.)

பட்டியல் எழுத்தர் எடிதாவை முதலில் கல்நெஞ்சுக்காரியாகத்தான் எழுதினேன். ஆனால் ஒரு பெயரை அடிக்குமுன் அவள் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்வாள். அதைக் கேட்டதும் எழுதியதைக் கிழித்தேன்.

வெள்ளிக்கிழமை, பால்தோமேரோவுக்கு மூன்றாவது அழைப்பு. யாரும் எடுக்கவில்லை.

"அடிச்சுத் தள்ளுங்கக்கா," என்றான் வார்டு ஊழியன் ருபேன்.

"அவரு இருக்கிற தீவுல, மேட்டு வேலிக்கம்பத்துலதான்டா சிக்னல் கிடைக்கும். போனை அங்க தொங்கவிட்டுட்டு உருளைக்கிழங்கு தோண்டப் போயிருப்பாரு. கம்பமா வந்து பேசும்?" என்றாள் எடிதா.

3.
போன் எட்டாத தீவுக்காரர்களுக்கு நண்பகலில் உள்ளூர் ரேடியோ சேதி வாசிக்கும். எடிதா எழுதிக்கொடுத்தாள்: "பால்தோமேரோ நவெல்கின் கவனத்துக்கு. நாளை காலை எட்டு மணிக்கு உங்கள் இடுப்பு ஆஸ்பத்திரியில் தேவை. வெறும் வயிற்றோடு வரவும்."

சேதி வாசித்ததும் எடிதாவின் போன் அலற ஆரம்பித்தது.

"இடுப்பு மட்டும் வந்தா போதுமா, ஆளும் வரணுமா?"

"அவரு பக்கத்துத் தீவுல இருக்காரு. என் மச்சான் சொல்லப் போயாச்சு."

"எங்கிட்ட படகிருக்கு. டீசல் யாராச்சும் தருவாங்களா?"

"நான் தரேன்னு சொல்லுங்கம்மா!"

நான்கு மணிக்குள் முப்பத்தோரு அழைப்புகள். அவரை முன்பின் பார்க்காதவர்கள்கூடக் கூப்பிட்டார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. (இதைவிட நல்ல சொல் தேடினேன், அகப்படவில்லை.)

4.
சனிக்கிழமை வாடைக்காற்று பேயாட்டம் ஆடியது. ஏழு ஐம்பது. அறுவை மருத்துவர் பச்சை அங்கியோடு ஜன்னலுக்கு வந்து நின்றார். அடிக்கச் சொன்ன ருபேன் சக்கர நாற்காலியோடு படகுத்துறையில் நனைந்துகொண்டிருந்தான்.

முடிவு ஒன்று: கிழவர் சிரித்தபடி இறங்கி...

(நம்புவீர்களா?)

முடிவு இரண்டு: எடிதா பெயரை...

(கை வரவில்லை.)

எட்டு மணி. மழைக்குள் ஒரு படகு தெரிகிறது. யாருடையது என்று தெரியவில்லை. எடிதாவின் விரல் விசைப்பலகைக்கு மேலே நிற்கிறது.

இங்கேயே நிறுத்துகிறேன். பெயர் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. அடிக்கத்தான் வேண்டுமென்றால் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் எடிதாவைப்போல முதலில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்: பால்தோமேரோ நவெல்கின்.