சிவப்பு மூடிக் குழாய்

...கலங்கியிருந்தால் என்ன, ரத்தம் ரத்தம்தானே என்று சின்னராசு மனதுக்குள் சொல்லிக்கொண்டார், ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லேப் சுமித்ரா அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டாம் முறையாகப் பார்க்கிறாளே, அது நல்லதுக்கா, கெட்டதுக்கா... மனைவி அம்சவேணியின் ரத்தம், காலையில் மலைமேல் அரியூர் நாட்டில் நர்ஸம்மா மூன்று இடத்தில் குத்தி எடுத்தது, இன்னொருக்கா ஊசியோட வந்தா பலாமரத்துல ஏறிக்குவேனுங்க என்று அம்சவேணி சிரித்தாள். எட்டு வருஷமாக அவள் உடம்பில் காமாலைக் கிருமி, வெளியே ஒன்றும் தெரியாது, ஈரல் உள்ளே தழும்பேறுகிறதா என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த ரத்தம்தான் சொல்லவேண்டும். ஈரல் நொந்தால் ரத்தத்தில் ஒரு சத்து ஏறுமாம், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு இறங்குமாம், இரண்டையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் சொல்வார். போன முறை நல்லதாகச் சொல்லவில்லை. அன்றைக்கே காதுத் தோட்டைக் கழற்றி மகள் கீர்த்தனாவிடம் கொடுத்துவிட்டாள், போற உசுருக்கு எதுக்குங்க என்றாள்...

"ஏனுங்ண்ணா, குழாய் வழியில எங்கியாச்சும் விழுந்துச்சுங்களா?"

இல்லீங்க அம்மிணி. வெயில்ல வெச்சீங்களா? இல்லீங்க. இரண்டும் உண்மைதான். மேல நிக்கற தண்ணி மஞ்சளா இருக்கோணும், இது செவசெவன்னு இருக்குதுங்க, ரத்த அணு உடைஞ்சிருச்சுன்னா ஈரலோட எண்ணு பொய்யா ஏறும் என்றாள். சின்னராசுவுக்கு மலைப்பாதை ஞாபகம் வந்தது. இரண்டு குழாய், ஊதா மூடியில் ரத்தம் அப்படியே இருந்தது, சிவப்பு மூடியில் மட்டும் உறைந்து கீழே இறங்கி மேலே மஞ்சள் நீர் நின்றது, ஐயோ பிரிந்து கெட்டுப்போகிறதே என்று பயந்து வளைவுக்கு ஒரு தடவை நன்றாகக் குலுக்கினார், அடிவாரத்துக் காரவள்ளி வரும்வரைக்கும், எழுபது வளைவு. இதை யார் பார்த்தார்கள்? வாயை மூடிக்கொண்டால் இன்னொரு ஊசி கிடையாது... ஆனால் உள்ளே நுழைந்ததும் வியர்வையைப் பார்த்துத் தன் மேசை ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தவள் இந்தப் பெண், ஃபேன் இன்னும் அவர்மேல்தான் வீசிக்கொண்டிருந்தது, அந்தக் காற்றில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பொய் சொல்வது.

"நாந்தானுங்க அம்மிணி... வழி நெடுக குலுக்கிட்டே வந்தேன்."

"அதென்ன டானிக்குங்களா, குலுக்கறதுக்கு?" சிரித்துவிட்டாள், உடனே முகம் மாறி, சொன்னீங்களே, அதுவே போதுமுங்க, இந்த ரத்தத்துல வர்ற எண்ணை நான் குடுக்க மாட்டேன், நாளைக்கு அக்காவையே கூட்டிட்டு வாங்க, ஒரே குத்துல எடுத்தர்றேன் என்றாள். குழாயை ஓரமாக வைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். போன தடவை நான் இங்க இல்லீங்க, அப்பவும் நீங்கதான் கொண்டாந்தீங்களா?

ஆமாங்க என்றார். அப்பவும் குலுக்குனீங்களா?

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது, பக்கத்தில் ஒருவர் மிளகு மூட்டையை மடியில் வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறது, கை என்ன செய்தது? குலுக்கியிருந்தால் அவள் ஆறு மாதம் அழுததெல்லாம் தன்னால்தான், குலுக்காவிட்டால் அந்தக் கெட்ட எண் மெய்... அறப்பளீஸ்வரா, நான் குலுக்கியிருக்கவேண்டும், எப்படியாவது குலுக்கியிருக்கவேண்டும் என்று உதடு முணுமுணுத்தது, அப்புறம்தான் உறைத்தது, தான் தப்புச் செய்திருக்கவேண்டுமே என்று சாமியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று, உறைத்தும் வேண்டுவதை நிறுத்த முடியவில்லை.