காருக்குள் கேட்காத நாதஸ்வரம்

நான்கு மாதமாக நான் முடி வெட்டவில்லை. கேட்டவர்களிடம் திருப்பதிக்கு வேண்டுதல் என்றேன். பெருமாள் பெயரைச் சொல்லிவிட்டால் மயிலாப்பூரில் அதற்கு மேல் யாரும் துருவ மாட்டார்கள். உண்மையில் அந்த முடி என் இடது காதை மூடுவதற்கு. முடி நன்றாக இறங்கிய பிறகுதான், என் மகள் கயல் வாங்கித் தந்த காது மெஷினை மாட்டிக்கொண்டேன். ஒரு காதுக்குத்தான் வாங்க முடிந்தது. முன் சீட்டில் வேதாந்தம் சார் உட்காரும் பக்கம் என்பதால் இடது காது.

சாருக்குத் தெரிந்தால் டிரைவர் வேலை போய்விடும். கீழ் வீட்டு டிரைவருக்குக் கண்ணில் புரை என்று தெரிந்த அன்றே சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஐம்பத்தேழு வயதில் இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதிலிருந்து, விடியுமுன் பஸ் பிடித்து வருகிறேன். வந்து சேர்வதே பாதி வேலை. காது கேட்பதுபோல் நடிப்பது மீதி.

அன்று செவ்வாய்க்கிழமை. சாரின் மனைவி சந்திரிகா அம்மாவின் முட்டிக்கு அடையாறில் பிசியோதெரபி. அம்மா பின் சீட்டில். சார் தன் போனை வீட்டில் சார்ஜில் போட்டு மறந்துவிட்டார். காரில் ஏறினால் அவருக்கு நாதஸ்வரம் வேண்டும். என் போனில் போடச் சொன்னார். தேடி ஒரு மல்லாரியைத் தட்டினேன். அடடா, என்ன சுத்தம். மூன்று வருஷத்தில் நான் எதையும் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

சத்தமே வரவில்லையே என்றார் சார்.

"நல்லாத்தான வாசிக்கிறாங்கோ சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். காருக்குள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. போன் வந்தால் காதுக்குள்ளேயே கேட்கட்டும் என்று கயல் மெஷினைப் போனோடு இணைத்திருந்தாள். பாட்டும் அந்த வழியில் போய்விட்டது. திரையில் ஓடுவதைச் சொன்னேன் என்று சமாளித்தேன்.

சார் ரிட்டயர்டு இன்ஜினியர். பழுது என்று ஒன்று கிடைத்தால் லேசில் விடமாட்டார். கார் ஸ்டீரியோவின் வால்யூமை முழுக்கத் திருகினார். எஃப்.எம். போட்டுப் பார்த்தார், அது பாடியது. அப்படியென்றால் ஸ்பீக்கர் சரி. திரையில் போன் கனெக்ட் ஆகியிருக்கிறது என்றே காட்டியது. மந்தைவெளியில் என் போனை வாங்கி அணைத்துப் போட்டார். மறுபடி என் காதில்தான் வாசித்தார்கள். போன் வால்யூம்தான் குறைச்சல் என்று அதையும் கடைசிவரை ஏற்றினார். தவில் அடி நேராக மண்டைக்குள் விழுந்தது. கையைக் காதுக்குக் கொண்டுபோக முடியாது. கண்ணில் தண்ணீர் முட்ட, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

கிரீன்வேஸ் ரோடு சிக்னலில் வண்டி நின்றது. சார் செட்டிங்ஸைத் திறந்திருந்தார்.

"ரெண்டு கனெக்ட் ஆயிருக்கே. ஒண்ணு நம்ம கார். இன்னொண்ணு..." என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "அப்பா இடது காது."

கயல் வைத்த பெயர். நான் அதைப் பார்த்ததே இல்லை. சார் என் முடியைப் பார்த்தார். பிறகு விரலால் ஒரு தட்டு தட்டினார். என் காதிலிருந்த நாதஸ்வரம் எகிறிப்போய்க் காரெல்லாம் அலறியது. அவரே திடுக்கிட்டு வால்யூமைக் குறைத்தார்.

"எத்தனை நாளா?"

"மெஷினு ரெண்டு மாசமா கீது சார். காது போய் மூணு வருசம் ஆவுது."

அவர் போனை மடியில் வைத்தார். அந்த மூன்று வருஷமும் காது கேட்காத என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். கோபப்பட்டால் அவரை எப்படிக் குறை சொல்வது?

பின்னாலிருந்து என் தோளில் ஒரு தட்டு. அம்மா எதைச் சொல்வதானாலும் முதலில் தோளைத் தட்டுவார். அது அவர் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"ரெண்டு வருஷமா முருகையன் தோளைத் தட்டிட்டுத்தான் பேசிண்டிருக்கேன். எதுக்குன்னு நெனச்சேள்?" என்றார், சாரிடம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. தெரிந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டிக் கண்ணாடியில் அம்மா உதட்டைப் பார்த்துப் பார்த்துத் தினமும் தலைவலியோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன். தெரிந்தவரிடமே மறைத்து இத்தனை நாள் ஓய்ந்திருக்கிறேன். அழுகையும் வந்தது.

பச்சை விழுந்தது. பாலம் தாண்டி அடையாறு போய்ச் சேர்ந்தோம். அம்மாவைக் கைப்பிடித்து இறக்கியதும் சார் என் முன்னால் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். கயலிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

திரும்பி வந்த சார், சாவியை எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மெஷின் இல்லாமல் இனி வண்டியைத் தொடக் கூடாது என்றார். தலையாட்டினேன்.

"இந்த வாரமே திருப்பதி போய் மொட்டை போட்டுண்டு வா" என்று சாவியை என் கையில் வைத்தார். "காது நன்னா தெரியட்டும்."