எமில் விழுந்துகொண்டிருக்கும் வாசல்

இன்றைக்கும் இவன் விழுந்து முடிக்கவில்லை என்று நினைத்தபடியே லுத்மிலா வங்கிக்குள் நுழைந்தாள். அவள் கணவன் எமில் நொவாட்னி, நெஞ்சில் குண்டு வாங்கி, ஸ்லாவின் என்ற வங்கியின் வாசற்படியில் பல காலமாக விழுந்துகொண்டிருந்தான். நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் கோதுமை விலையைப் போல இதுவும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டிருந்த காலம் அது. கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து வங்கியே கடைத்தெருக்காரர்களுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தது. மணி அடித்தால், வங்கியிலிருந்து மூட்டையோடு வெளியே வருகிறவனைச் சுட வேண்டும், பெயர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. எதிர்த்தெரு வங்கி கதவடைத்துவிட்டதென்று கேள்விப்பட்ட எமில், இந்த வங்கியில் இருந்த தன் சேமிப்பு முழுவதையும் வாங்கி மாவுமூட்டைத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினான். அவனுக்குப் பின்னால் பாதி ஊர் அதே எண்ணத்தோடு வரிசையில் நின்றது. மேனேஜர் க்ராஸ் மேசைக்கடியில் இருந்த மணியைக் காலால் மிதித்தார். முடிதிருத்தும் கடையிலிருந்து லூமிர், பாதிச் சவரத்தை நிறுத்திவிட்டு, வெளியே வந்து சுட்டான். காசாளர் கூண்டுக்குள் நின்றிருந்த லுத்மிலாவின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறித்தது. எமில் அவள் பக்கம் திரும்பி, அவள் பெயரைப் பாதி சொன்னான். சாய்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சிதறிய நோட்டுகளும் ரத்தத்துளிகளும் அவனோடு காற்றில் நின்றன.

நுரை வழியும் முகத்தோடு ஓடிவந்த தச்சன் கேட்டான்: "மூஞ்சியப் பாக்கலியாடா, பாவி?"

"மூட்டையத்தான் பாத்தேன்," என்றான் லூமிர். "மூஞ்சிதான் வாராவாரம் என் கைக்கு வருதே."

வரிசை கலைந்தது. அதன்பின் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வங்கி பிழைத்தது.

லுத்மிலா வேலையை விடவில்லை. அவன் முகம் தெரிகிற கூண்டு அது ஒன்றுதான். ஒமாஹா நிறுவனம் வங்கியை வாங்கிப் புதுப் பலகை மாட்டிய அன்று, எங்கிருந்தோ அதே வெடிச்சத்தம் கேட்டது. ஆணி அடித்தவனின் இரண்டு விரல்கள் பறந்தன. எமில் ஒரு சாண் இறங்கினான். கூண்டுக் கம்பிகளை எடுத்துக் கண்ணாடி போட்டார்கள். அது வெடித்து ஒரு குமாஸ்தாவின் கன்னத்தைக் கிழித்தது. காரில் உட்கார்ந்தபடியே பணம் வாங்க ஜன்னல் வைத்தபோது ஒருவருக்குத் தோள், சுவரில் பணம் தரும் இயந்திரம் பதித்தபோது மெக்கானிக்குக்குக் காது. ஒவ்வொரு முறையும் எமில் ஒரு சாண் இறங்கினான். நடுவே நிஜக் கொள்ளைக்காரன் ஒருவன் வந்தான். தப்பி ஓடுகையில் எமிலின் காலில் இடறி, படியில் மண்டை பிளந்து செத்தான். படியைக் கழுவிவிட்டு மதியம் வங்கி திறந்தது.

லுத்மிலாவின் வயதைக் கேட்பதை ஊர் எப்போதோ விட்டுவிட்டது. எல்லோரும் வங்கியைக் கைப்பேசியில் தூக்கிக்கொண்டு திரியத் தொடங்கியபின் அவளைத் தவிர உள்ளே யாரும் வருவதில்லை. கிளையை மூடத் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தாள். எமிலின் முகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண்தான் மிச்சம்.

"மிஸஸ் நொவாட்னி, அவரு கால் கதவ மறிக்குது, பூட்ட முடியல," என்றாள். "வேற யாரு தள்ளினாலும் அசையல. நீங்க ஒரு விரல் வச்சாப் போதும், விழுந்துடுவாருன்னு ஊர்ல சொல்றாங்க. அவருக்கும் நிம்மதிதானே?"

லுத்மிலா குனிந்து அந்தத் திறந்த வாயைப் பார்த்தாள். தன் பெயரின் மறுபாதி அதற்குள் இருந்தது. அதைக் கேட்கத்தான் அவள் இத்தனை காலம் அந்தக் கூண்டில் நின்றாள். தொட்டால் கேட்டுவிடலாம். ஆனால் க்ராஸ் மிதித்த மணியின் வேலையும் அப்போதுதான் முடியும். முடித்துவைத்த கை தன்னுடையதாக இருக்கும்.

"நான் தொட மாட்டேம்மா," என்றாள். "நீங்க பூட்டாமலே போங்க."

துடைப்பத்தை எடுத்து, அவன்மேல் படாமல், அடியில் சேர்ந்திருந்த பனியைக் கூட்டத் தொடங்கினாள்.